ஏறாத கடல்

ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் பவானி. பெட்டிக்குள் அவள் அப்பா தேசப்பன் மாலையும் கழுத்துமாகப் படுத்திருந்தார். விர்ரென்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றதும் பந்தலில் எல்லோரும் ஒரு நிமிஷம் வாயை மூடினார்கள். பிறகு மொத்தமாகத் திறந்தார்கள்.

"அடிப்பாவி, இன்னாடி செய்ற?" என்று தலைவிரிகோலமாக ஓடிவந்தாள் அம்மா வச்சலா. "சொருவுடி அத்த!"

"போதும்மா. தூக்கட்டும்."

"எம்புள்ள பிளேன்ல வந்துகினு கீறான். அவன் மூஞ்சியக் காட்டாம எப்டிடி தூக்குவ? பெத்த புள்ளடி!"

"பெத்த புள்ளையாம், பெத்த புள்ள. வாய் கிழியுது." பவானி ஒயரைச் சுருட்டினாள். "நேத்து செத்த மனுசன இன்னிக்கும் வெச்சிகினு ஊரையே காய வுடுற. உனக்கு ஒருத்தன்தான் புள்ளையா?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க அவர்களுக்கும் மனமில்லை. புதுப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கும் அந்தக் குப்பத்தில் ஒரு பொணம் கிடந்தால், அது மண்ணுக்குப் போகும்வரை ஒரு மரமும் கடலில் இறங்காது. மரம் என்றால் கட்டுமரம். இப்போது எல்லாம் ஃபைபரில் வந்துவிட்டாலும் பெயர் மட்டும் மாறவில்லை. வாரம் முழுக்கக் காற்று அடித்து எல்லோரையும் கரையிலேயே உட்காரவைத்திருந்தது. காற்று ஓய்ந்து, மத்தி கரைக்குப் பக்கத்தில் வந்து துள்ளிய அன்றைக்குப் பார்த்துத்தான் தேசப்பனுக்கு நெஞ்சு வலித்தது. முதல் ஆளாகக் கடலுக்குப் போய்த் திரும்பிவந்தவர், மரத்தைவிட்டு இறங்கி நாலடி நடந்து, ஈர மணலிலேயே குப்புற விழுந்துவிட்டார். அப்போதிலிருந்து ஊர் முழுக்கப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறது, கண் மட்டும் கடல் மேல்.

"செத்தவருக்கு இன்னா, ஏசில கீறாரு. நாமதான் வெயில்ல காயறோம்," என்றாள் செங்கம்மாள். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் பவானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவள். அவள் வாய்க்கு இழவு வீடு, கல்யாண வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது.

ஊர்த் தலைவர் சின்னையன் எழுந்து வந்து பவானியின் கையிலிருந்த ஒயரை வாங்கினார். "சாயந்தரம் வெயில் தாழற வரிக்கும் பாப்போம்மா. உன் தம்பி வரலன்னா தூக்கிடலாம். பாவம் உங்கம்மா." அவரே குனிந்து சொருகினார். மோட்டார் மறுபடி ஓடியது.

பவானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தலைவிட்டு வெளியே போய்க் கடற்கரையைப் பார்த்து நின்றாள். ஊரின் மரங்கள் எல்லாம் மேட்டில் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. அப்பாவின் மரம் மட்டும் அவர் விட்ட இடத்திலேயே, அலை வந்து நக்கும் தூரத்தில் கிடந்தது. புருஷன் பரணிதரனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அத்த மேல ஏத்தணும்யா. தண்ணி ஏறனா பூடும்."

"சாவு வூட்ல மரத்தப் பாக்கச் சொல்றியா? அப்பறம் பாத்துக்கலாம் போ," என்று பரணிதரன் பாடை கட்டப் போய்விட்டான்.

அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் நடந்தது ஊருக்குத் தெரியாது. தெரிந்தது பவானிக்கு மட்டும்தான். அதனால்தான் அவளுக்கு அத்தனை ஆத்திரம்.

தம்பி சரவணகுமார் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அதில் ஒருவர் மூலமாகப் பார்சிலோனா போனான். பெரிய ஊர், கடலோர ஊர். அங்கே கடற்கரையில் மிதிபடகு வாடகைக்கு விடும் கடையில் வேலை. போன வருஷம் அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பினான். அம்மா பிளேனுக்குப் பயந்து வரமாட்டேன் என்றுவிட்டாள். வேன் பிடித்து ஊரே ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பியது. போனவர் சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னாலேயே திரும்பி வந்து நின்றார்.

"கடல் எப்டி, பெருசா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார்.

"கடலா அது? கொளம்! அலையில்ல, கவிச்சி வாசன இல்ல. மணல எங்கிருந்தோ லாரில கொண்டாந்து கொட்டி வெச்சிக்கிறான். குளிக்கிறதுக்குக் கடலு, கடல்ல குளிச்சத்த கழுவறதுக்குக் கொழா. அவுத்துப் போட்டுட்டு வெயில்ல கருவாடாட்டம் காயறானுங்க. வலை போட ஒரு மனுசன் இல்ல. த்தூ!"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு 'பார்சிலோனா' என்றே பெயர் வைத்துவிட்டது. அவர் அதையும் திட்டிக்கொண்டே ஏற்றுக்கொண்டார். பவானியிடம் மட்டும், ஒருநாள் கொஞ்சம் போட்டிருந்தபோது, மீதியைச் சொன்னார்.

அங்கே ஒருநாள் பௌர்ணமி. விடிவதற்கு முன்னால் தூக்கம் வராமல் கடற்கரைக்கு நடந்திருக்கிறார். மிதிபடகுகள் வரிசையாகத் தண்ணீருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. பெற்ற பிள்ளை வேலை பார்க்கும் கடைப் படகுகள். பௌர்ணமியும் அதுவுமாக இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறானே மடையன் என்று நினைத்தவர், நம்மூர் வழக்கப்படி படகின் தலைப் பக்கத்தைத் தூக்கித் திருப்பி, பிறகு வால் பக்கத்தைத் தூக்கித் திருப்பி, ஒவ்வொன்றாக மேலே ஏற்றத் தொடங்கினார். வயதான ஒற்றை ஆள். மிதிபடகின் அடியில் இருக்கும் சுக்கானைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மடமடவென்று ஒடிந்தன. ஓட்டப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டாள்.

"தண்ணி ஏறும் சார், தண்ணி ஏறும்னு சொல்றேன். நெலாவக் காட்றேன், தண்ணியக் காட்றேன். நா நெலாவக் காட்டக் காட்ட அவனுங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறானுங்க. உன் தம்பி ஓடியாந்தான். போலீஸ்காரங்கிட்ட அவங்க பாஷைல இன்னாவோ சொன்னான். சொல்லிட்டு, இப்டி..." அப்பா ஆள்காட்டி விரலை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுற்றிக் காட்டினார். "என்ன லூசுன்றான். அதுக்குப் பாஷை வேணுமாடி? போலீஸ்காரன் சிரிச்சிகினே என் தோள்ல தட்டிக் குடுத்தான் பாரு, கொயந்தைக்குத் தட்டறாப்புல. அப்பவே செத்துட்டேன் நானு."

பிறகு, "நா செத்தா அவன் ஒரு கை மண்ணு போடக் கூடாது. நீ பாத்துக்க," என்றார்.

"சரி நைனா," என்றாள் பவானி.

அதற்குப் பிறகு அவர் மகனோடு போனில் பேசவே இல்லை. ஆனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போதெல்லாம், பல் குத்திக்கொண்டே, மகன் குரல் காதில் விழுகிற மாதிரி வாசற்படிக்கு வந்து உட்காருவார். பவானி அதையும் பார்த்திருந்தாள்.

வெயில் தாழ்வதற்குள் டாக்ஸி வந்துவிட்டது. சரவணகுமார் இறங்கினான். சக்கரம் வைத்த பெட்டியை மணலில் இழுத்தான், அது உருளாமல் கவிழ்ந்தது. அப்படியே போட்டுவிட்டுப் பந்தலுக்கு ஓடிவந்தான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அலறினாள். ஐஸ் பெட்டியைத் திறந்து உடலை வெளியே எடுத்துக் குளிப்பாட்டி, பெஞ்சில் கிடத்தினார்கள். வாய்க்கரிசித் தட்டை யாரோ அவன் கையில் கொடுத்தார்கள்.

பவானி குறுக்கே வந்து தட்டைப் பிடுங்கினாள்.

"தொடாத."

"க்கா..."

"தொடாதன்றேன்ல. இன்னா, கூட்டத்தப் பாத்து அழுவ வருதா? அங்க வெள்ளக்காரங்கிட்ட எங்கப்பன் பைத்தியம்னு விரல சுத்திக் காட்னியே, அந்தக் கைதான இது?"

சரவணகுமார் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பவானி விடவில்லை. நிலாவிலிருந்து தோள் தட்டியது வரை, ஊர் கேட்க எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் மண் விஷயத்தையும் சொன்னாள்.

"அங்க கடல் ஏறாதுக்கா," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "அமாவாசையோ பௌர்ணமியோ, சாண் அளவு கூட ஏறாது. வந்த மொத நாளே சொன்னேன், நைனா நம்பல. போலீஸ்காரனுங்க இட்டுகினு பூடுவானுங்களோன்னு பயந்துட்டேன். எனக்கு அப்ப வேற ஒண்ணும் தோணல."

"ஏறாத கடல் எங்கனாச்சும் கீதாடா? யார் காதுல பூ சுத்துற?"

பந்தல் மொத்தமும் பவானி பக்கம் சாய்ந்தது. பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று ஒருவர் காறித் துப்பினார். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கும் அத்தனை பேரில், ஏறி இறங்காத கடலை நம்ப ஒரு ஆள் இல்லை.

"தேசப்பன் அப்டி சொன்னது நெசமா?" என்று கேட்டார் சின்னையன். "பெத்தவன் வார்த்தைன்னா நா மீற முடியாது. சத்தியம் பண்ணு."

பவானி கற்பூரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். செங்கம்மாள் தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தாள். சுடர் எழுந்ததும் பவானி கையை இறுக்கி மூடினாள். தோல் பொசுங்கியது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சொன்னது சத்தியம்தான். அப்பா வாசற்படிக்கு வந்து உட்காருவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அம்மா வந்து பவானியின் வாயிலேயே அறைந்தாள். "நல்லா இருப்பியாடி நீ? தகப்பனையும் புள்ளையையும் பிரிச்சிட்டல்ல, நாசமாப் போவ!"

"போறேன்," என்றாள் பவானி.

பரணிதரன் மகனுக்குப் பதிலாக, மருமகன் முறைக்குக் குடத்தைத் தோளில் ஏற்றினான். மேளம் அடித்தது. சரவணகுமார் பின்னாலேயே நடந்தான். தெருமுனையில் பெண்கள் நிற்கும் இடம் வந்ததும் அவனும் நின்றுவிட்டான். ஆண்கள் எல்லோரும் அவனைக் கடந்து இடுகாட்டுக்குப் போனார்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆம்பளை பெண்களோடு நிற்பதைப் பார்த்துச் செங்கம்மாள்கூட வாயைத் திறக்கவில்லை.

பெண்கள் தலை முழுகக் கடலுக்கு இறங்கினார்கள். கற்பூரம் சுட்ட கையில் உப்புத் தண்ணீர் பட்டதும் பவானிக்கு உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே கடலிலிருந்து நிலா முழுசாக எழுந்துகொண்டிருந்தது. இன்றைக்குப் பௌர்ணமி. சாவுக் குழப்பத்தில் ஊரே அதை மறந்துபோயிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் மரத்தடியில் தண்ணீர் வந்துவிட்டது. வால் பக்கம் லேசாகத் தூக்கி ஆடியது.

"ஐயோ, மரம் போவுது!"

ஓடிப்போய் மரத்தின் தலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். நனைந்த சேலை காலைத் தடுக்கியது. மரம் அசையவில்லை. அடுத்த அலை வந்து அவளையும் சேர்த்து உள்ளே இழுத்தது. ஆண்கள் எல்லோரும் இடுகாட்டில். யாரோ தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. சரவணகுமார் மரத்தின் அந்தப் பக்கத்தைப் பிடித்தான். காலில் இருந்த ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

அவனைப் பார்க்கப் பவானிக்குப் பிடிக்கவில்லை. கையை விடவும் முடியாது.

"தலையத் தூக்கு," என்றாள்.

தூக்கினார்கள். திருப்பினார்கள். பிறகு வால். மறுபடி தலை. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மரம் மேட்டில் மற்ற மரங்களின் வரிசைக்கு வந்ததும் பவானி விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பெண்களிடம் நடந்தாள்.

பின்னால் மணல் அரைபடும் சத்தம் நிற்கவில்லை. திரும்பினாள். சரவணகுமார் அடுத்த மரத்தைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தான். அது யாருடையதோ. ஏற்கெனவே பத்திரமான இடத்தில்தான் கிடந்தது, அங்கே எந்தப் பௌர்ணமிக்கும் தண்ணீர் வராது. அவன் அதை இன்னும் மேலே, சவுக்குத் தோப்புவரை தள்ளிவிட்டு, அதற்கடுத்ததற்கு வந்தான். தலை, வால். தலை, வால். தனி ஆளாக. அழுகிறானா என்று அங்கிருந்து தெரியவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராகப் பிழிந்த சேலையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாடி பவானி, எதுக்கு இத்த இழுத்துகினு கீறான்? உன் தம்பிக்கு இன்னா..." என்றபடியே செங்கம்மாள் ஆள்காட்டி விரலை நெற்றிப்பொட்டுக்குக் கொண்டுபோனாள்.

விரல் சுற்றுவதற்குள் பவானி அந்தக் கையை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினாள். செங்கம்மாள் உதறிப் பார்த்தாள், விடவில்லை. உள்ளங்கை எரிந்தது. மேட்டில் அவன் அடுத்த மரத்துக்குக் குனிந்தான்.