ஸாவாவுக்கு எந்தப் பாட்டு

மேடை ஏறும் நாளில் ஸொரியானா வாயைத் திறக்க மாட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து திரை விலகும் வரை ஒரு வார்த்தை கிடையாது. ஓபரா என்கிற இசை நாடகத்தில் பாடுகிறவர்களில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. தொண்டையை உண்டியல் மாதிரி பூட்டி வைத்துவிடுவார்கள். அன்றைக்கு நான் கார் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமலேயே என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள். போனை எடுத்துப் பார்த்துப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த சிக்னலுக்குள் மறுபடியும் எடுத்தாள்.

"உக்ரைன்ல இன்னும் விடியவே இல்ல. அந்தப் போனைக் கொஞ்சம் தூங்க விடு" என்றேன்.

முறைத்தாள். கையை விரித்து, ஆள்காட்டி விரலால் கோழி கொத்துவது போல் கொத்திக் காட்டினாள். நான் தொணதொணக்கிறேனாம்.

தம்பியைப் பற்றிய செய்திக்காகத்தான் இத்தனையும். ஸாவா அவளுடைய ஒரே தம்பி. அங்கே பனிக்காலத்தில் போர்முனையில் காணாமல் போனான். இறந்தான் என்றும் இல்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. கைதிகள் பரிமாற்றத்தில் திரும்பி வந்த ஒரு பையன், நொண்டிக்கொண்டே நடந்த ஒருவனை எதிரிகள் இழுத்துப் போனதைப் பார்த்ததாகவும், அது ஸாவாவாக இருக்கலாம் என்றும் சொன்னான். அந்த 'இருக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஸொரியானா மெல்பர்னையே ஒரு உலுக்கு உலுக்கினாள். ஞாயிறுதோறும் பாராளுமன்றப் படிகளில் காணாமல் போனவர்களின் படங்களோடு நின்று, ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். வெளியே யாராவது பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே அவர்களைக் கொல்லப் பயப்படுவார்கள் என்பது அவள் கணக்கு.

விளைவு, தொண்டை வீங்கியது. டாக்டர் ஒலிபெருக்கியைத் தொடாதே என்றார். ஓபரா கம்பெனி நிர்வாகி ஹெதர் இன்னும் பக்குவமாகச் சொன்னாள். இது ஸொரியானாவுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் பெரிய வேடம், ராணி வேடம். முதல் நாள் நன்றாக அமைந்தால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் விசா நீளும், கார்கிவ் நகரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே தனியாக இருக்கும் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடலாம். இல்லையென்றால், ராணியின் பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு மாற்றுப் பாடகி ஒருத்தி தயாராக இருக்கிறாள். ஆக, சில வாரங்களாக ஒலிபெருக்கி என் கையில். என் குரலுக்கு நின்றவர்களும் நகர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நான் லூபா. இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் உக்ரைன் சங்கத்தின் சேர்ந்திசைக் குழுவை மேய்க்கிறேன். என் பெற்றோர் ஊரை விட்டு வந்தபோது கொண்டுவந்த மொழிதான் என் மொழி. என் பேச்சில் அந்துருண்டை வாசனை வருகிறது என்பாள் ஸொரியானா.

அன்று காலை எங்கள் கோவிலில், போரில் இறந்தவர்களுக்கான நினைவு வழிபாடு. ராத்திரி முதல் நாள் நாடகத்தை வைத்துக்கொண்டு இந்தக் குளிரில் வராதே என்று எவ்வளவோ சொன்னேன். மேடை ஏறுவதற்கு முன் தம்பிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியே ஆக வேண்டுமாம். கழுத்தில் சால்வையை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எங்கள் கோவிலில் மெழுகுவர்த்திக்கு இரண்டு இடம். உயிரோடு இருப்பவர்களுக்கு மாதா படத்தின் முன்னால், உயரத்தில். இறந்தவர்களுக்குச் சிலுவையடியில், தாழ்ந்த மணல் தட்டில். ஸொரியானா அந்த மணல் தட்டுப் பக்கம் பாவாடை நுனிகூடப் படாமல் சுற்றிப் போய், மாதாவின் முன்னால் ஏற்றினாள். சுடர் நிமிர்ந்து நிற்கும் வரை கையால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் எல்லோரும் வெளியே, நினைவுச் சிலுவையடியில் கூடினோம். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், காற்று காதை அறுத்தது. மேஜையில் தேன் கலந்த கோதுமைக் கிண்ணம், ரொட்டி. சங்கத் தலைவர் தெயோதோர் ஐயா கைத்தடியோடு முன்னால் நின்றார். எங்கள் சங்கத்தில் தலைவர் பதவிக்கு என்றைக்கும் ஆள் குறைந்ததில்லை, நாற்காலி அடுக்கத்தான் ஆள் கிடைக்காது. ஆனால் தெயோதோர் ஐயா இரண்டையும் செய்கிறவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையாக ஜெர்மனி அகதி முகாமில் இருந்தபோது அப்பாவைக் காணோம் என்று சேதி வந்தது. அவர் அம்மா அந்த வருடமே கணவருக்காகக் கோவிலில் இறந்தவர் பாட்டைப் பாடச் சொல்லிவிட்டார். சோவியத் ஆட்கள் நாடு கடத்திய அப்பா கஜகஸ்தானில் கிழவராகும் வரை உயிரோடு இருந்தார் என்பது மகனுக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, பாதிரியார் திருப்பிச் சொல்ல, கடைசியில் என் குழு இறந்தவர் பாட்டைப் பாட வேண்டும். காகிதம் எதுவும் பார்க்காமல் பெயர் சொல்வது ஐயாவுக்குப் பெருமை. நான் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். கடைசிப் பெயராக அவர் தழுதழுத்துச் சொன்னார்:

"நம்ம ஸொரியானாவோட தம்பி, ஸாவா."

பாதிரியாரும் சொல்லிவிட்டார். தூக்கிய என் கை பழக்கத்தில் இறங்கியது. குழு ஆரம்பித்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் ஸொரியானா சால்வையைப் பிடுங்கி எறிந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு எங்கள் ஆட்கள் ஒரு வாழ்த்து வைத்திருக்கிறார்கள். பிறந்த நாளைக்கும் கல்யாணத்துக்கும் நீடூழி வாழ்க என்று மூன்று முறை பாடுவோம். அதை எடுத்தாள். அந்தக் குளிரில், பாடிப் பதப்படுத்தாத தொண்டையில், முழுக் குரலில், எங்கள் இருபது பேருக்கும் எதிராக ஒற்றை ஆளாக.

இரண்டு பாட்டும் முட்டிக்கொண்டன. என் பெண்கள் திணறி நின்றார்கள். ஆண்கள் நிற்கவில்லை, அவர்கள் என்றைக்கு என் கையைப் பார்த்துப் பாடினார்கள்? இரண்டாவது முறை பாடும்போது அவள் குரல் கிழிந்தது. துணி கிழிகிற மாதிரி தெளிவாகக் கேட்டது எனக்கு. ராத்திரி நாடகம் போய்விட்டது என்று நினைத்தேன். அவளுக்கும் அது கேட்டிருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்றாவது முறை வாய் அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

அப்போது தெயோதோர் ஐயா தொப்பியைக் கழற்றினார். சுருதிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை, குழுவில் சேர்க்க மாட்டேன் என்று நானே பலமுறை விரட்டியிருக்கிறேன். அவர் அந்த வாழ்த்தை அவள் விட்ட இடத்தில் எடுத்தார். நான் குழுவைப் பார்த்துக் கையைத் திருப்பினேன். பிறகு பாதிரியார் உட்பட எல்லோரும் பாடினோம். இறந்தவர்களுக்குக் கூடிய கூட்டம், ஸாவா என்கிற ஒருத்தனுக்கு நீடூழி வாழ்க என்று தொண்டை வலிக்கப் பாடியது.

முடிந்ததும் ஐயா அவளிடம் வந்தார்.

"மன்னிச்சிரும்மா. காணோம்னா செத்தாச்சுன்னுதான் எங்களை வளர்த்தாங்க. வேற மாதிரி நினைக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரல."

அவள் அவருடைய கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

காரில் நான் பொரிந்து தள்ளினேன். "அவருக்கு ஒரு அறை விட்டிருக்கலாமேடி. கைக்குத் தொண்டை வேண்டாமே." அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு பெருமை. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் ஓட்டினேன்.

ஆவி பிடித்தோம், தேன் கொடுத்தோம், டாக்டர் வந்தார், பாட முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். ராணியின் உடையைச் சாயங்காலம் மாற்றுப் பாடகியின் இடுப்புக்கு ஊசி குத்திச் சரிசெய்தார்கள். ஹெதர் ஸொரியானாவின் கையைப் பிடித்து மிகவும் வருந்துவதாகச் சொன்னாள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பதில் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். வரமாட்டேன் என்று ஒப்பனை அறையிலேயே நடந்துகொண்டிருந்தாள், கதவிலிருந்து கண்ணாடிக்கு, கண்ணாடியிலிருந்து கதவுக்கு. சுவரில் இருந்த ஒலிப்பெட்டியில் மேடைச் சத்தம் வந்தது. வாத்தியங்கள் தொடங்கின. ராணியின் முதல் பாட்டுக்கு அவள் உதடும் கூடவே அசைந்தது. எட்டி அந்தப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன்.

போன் அடித்தது. கார்கிவிலிருந்து அவள் அம்மா. ஸொரியானா இருவருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டு, நீ பேசு என்று எனக்குக் கை காட்டினாள்.

"ஸொரியா, இன்னும் மேடை ஏறலையா?"

"நான் லூபா பேசுறேம்மா. இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. இன்னிக்கு அவ பேசக் கூடாதே" என்றேன். முழுப் பொய். கூசாமல் வந்தது.

"தெரியும் தெரியும். பேச வேண்டாம், கேட்டா போதும்." யாரோ காலையில் நடந்ததை வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தார்களாம். பார்த்தாராம். "ஒண்ணு செஞ்சிட்டேன்டி. உன்கிட்ட சொல்லல. ஈஸ்டருக்கு அப்புறம் ஸாவாவோட மெழுகுவர்த்தியைக் கீழே வைக்க ஆரம்பிச்சிட்டேன். மணல் தட்டுல."

ஸொரியானாவின் நடை நின்றது.

"முடியல. வாசல்ல சத்தம் கேட்டா எழுந்திருக்கிறது, போன் அடிச்சா நெஞ்சு நிக்கிறது. போயிட்டான்னு வச்சுக்கிட்டா ஒரு ராத்திரியாவது தூங்கலாம்னு பார்த்தேன். அதுவும் வரல." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இன்னிக்கு நீ கத்துனதைக் கேட்டேன். தலைக்குத் துணி கட்டிட்டேன், இப்பவே கோவிலுக்குப் போறேன். மேல மாத்தி வைக்கிறேன். கேக்குதா?"

ஸொரியானா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. போனைக் கையில் எடுத்து, நகத்தால் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சரி, சரி, கேக்குது. தொண்டையைப் பாத்துக்க. நல்லாப் பாடு, கண்ணு" என்றார் அம்மா.

அம்மாவால் பார்க்க முடியாது என்று தெரிந்தும், ஸொரியானா போனைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினாள்.