மூக்குப்பொடி அண்ணாச்சியின் சாட்சி

1998-ல் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அதன் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் லேப், கீழே நூலகத்தை ஒட்டி இன்னொன்று. சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு விட்டதும் இரண்டு லேப் வாசலிலும் செருப்புகள் குவியும். உள்ளே போனவர்கள் புரோகிராம் எழுதுகிறார்கள் என்று பேராசிரியர்கள் மனதார நம்பினார்கள். நம்பட்டும், பாவம். உள்ளே அத்தனை பேரும் 'பொருநை'யில் இருந்தார்கள்.

பொருநை ஒரு விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். பாபநாசம் அருவியில் தொடங்கிக் கடல்வரை ஆறு போகும். ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த இடம் எப்படி இருக்கிறதென்று நாலு வரி வரும். ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பேசி, அங்கே பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த வேஷத்துக்குள் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவனை எல்லாரும் சேர்ந்து ஆற்றில் தள்ளிவிடுவார்கள்.

இதை உருவாக்கியவன் ஸ்ரீவத்ஸன். எம்.சி.ஏ. கடைசி வருஷம், கல்லிடைக்குறிச்சிக்காரன். அவனும் அவன் வகுப்பில் படிக்கும் பார்கவியும்தான் விளையாட்டை நடத்துகிறவர்கள். நடத்துகிறவர்களுக்கு அங்கே மடைக்காரர் என்று பெயர். கதவைத் திறப்பது, அடைப்பது, இடங்களுக்கு வரி எழுதுவது, அழிப்பது, வம்பு செய்கிறவனை விசாரிப்பது எல்லாம் அவர்கள் கையில். அவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. மடைக்காரர் வேஷம் கட்டி விளையாடக் கூடாது.

"மடையைத் திறக்கறவனுக்கு அதே மடையில வயல் இருந்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு நமக்குத் தெரியாதா?" என்று ஸ்ரீவத்ஸன் முதல் நாளே சொல்லிவிட்டான். நியாயமான பேச்சு. பார்கவியும் தலையாட்டினாள்.

தலையாட்டிய மூன்றாவது வாரம் அவள் மூக்குப்பொடி அண்ணாச்சி ஆனாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் கொஞ்சம் உரக்கச் சிரித்தாலே "மெதுவா" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். பொருநையில் அண்ணாச்சிக்குத் தொந்தி உண்டு, மீசை உண்டு, கடுக்கன் உண்டு, சிந்துபூந்துறைப் படித்துறையில் ஒரு பொடிக்கடை உண்டு. வருகிறவன் போகிறவனையெல்லாம் "என்னவே, மூஞ்சி தொங்குது?" என்று வம்புக்கு இழுக்கலாம். ஒரு விசையைத் தட்டினால் மடைக்காரியின் திரை, இன்னொரு விசையைத் தட்டினால் அண்ணாச்சியின் திரை. வருகிறவர்களின் நிஜப் பெயரைப் பதிவது அவள் பொறுப்பு என்பதால் ஒன்றரை வருஷமாக ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அண்ணாச்சிக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தோணி என்று பெயர் வைத்துக்கொண்ட ஓடக்காரன். பொருநையில் படகு தள்ள வேண்டுமானால் 'துடுப்பு' என்று ஒவ்வொரு தள்ளுக்கும் ஒருமுறை தட்ட வேண்டும். சிந்துபூந்துறையிலிருந்து பாபநாசத்துக்கு நூற்றைம்பது தடவை. வேறு எவனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. தோணி சலிக்காமல் தட்டிக்கொண்டே அண்ணாச்சியோடு ஊர்க்கதை பேசுவான். அவன் பெயர் பெருமாள்ராஜ், பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், மலைமேல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவன் என்பது மடைக்காரி என்ற முறையில் பார்கவிக்குத் தெரியும். முகம் பார்த்ததில்லை. அவன் கீழ் லேப், இவள் மாடி.

அந்த வருஷம் ஸ்ரீவத்ஸன் ஒரு போட்டி வைத்தான். ஆற்றங்கரையில் எங்கோ ஒரு செப்பேடு ஒளித்திருக்கிறது, முதலில் எடுக்கிறவர் தன் பெயரில் ஒரு படித்துறை கட்டிக்கொள்ளலாம். ஒரு மாதம் ஓடும் என்பது அவன் கணக்கு. ஒளித்த இடம் பாபநாசம் அருவிக்குப் பின்னால். அது அவனுக்கும் பார்கவிக்கும் மட்டுமே தெரியும்.

இரண்டாம் நாள் தோணியும் அண்ணாச்சியும் படகில் அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளையாட்டில் சாயங்காலம். திரையில் ஒரு வரி வந்தது: 'குருவிகள் அருவிக்குப் பின்னால் போகின்றன. ஒன்றும் திரும்பி வரவில்லை.' சாயங்காலத்தில் மட்டும் வரும் வரி. அழகாக இருக்கட்டுமே என்று என்றைக்கோ பார்கவி எழுதியது. அவளே மறந்துபோயிருந்தாள்.

தோணி மறக்கிற ஆள் இல்லை. "அண்ணாச்சி, குருவி அங்கன அடையுதுன்னா தண்ணிக்குப் பின்னால பொடவு, குகை கணக்கா, இருக்கும். எங்க மலையில அப்படித்தான். போய்ப் பாப்பமா?"

பார்கவிக்குப் பகீரென்றது. "பொடவாவது ஒண்ணாவது! பாறையில மண்டை ஒடையும்வே. திருப்பும் படகை" என்று அண்ணாச்சியைச் சொல்ல வைத்து, அவனைச் சிந்துபூந்துறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் மறுபடி மேலே போனான். மறுபடி ஏதோ சாக்குச் சொல்லி இறக்கினாள். மூன்றாம் தடவையும் அதே கதை. அந்த இறக்கத்தில், அவன் துடுப்பு துடுப்பு என்று தட்டிக்கொண்டிருக்கையிலேயே, இவள் மடைக்காரியின் திரைக்கு மாறி அந்தக் குருவி வரியை அழித்துவிட்டாள். எல்லாம் நல்ல எண்ணம்தான். ஒரு மாதப் போட்டி இரண்டாம் நாளே முடிந்தால் மற்றவர்களுக்கு ஏமாற்றமாக இருக்காதா? நல்ல எண்ணத்தோடு செய்கிற அநியாயத்துக்கு உலகத்தில் எப்போதும் ஆள் உண்டு.

நாலாம் தடவை தோணி அண்ணாச்சியைக் கேட்கவே இல்லை. நேரே போனான், அருவிக்குள் நுழைந்தான், செப்பேட்டை எடுத்துவிட்டான்.

மறுநாள் நாலரை மணிக்கு விசாரணை. விளையாட்டுக்குள்ளேயே ஆற்றங்கரை மண்டபத்தில் முப்பது வேஷங்கள் கூடின. பார்கவிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஸ்ரீவத்ஸன் விறைப்பாகத் தட்டினான்: யாரும் நெருங்காத இடத்துக்குத் தோணி நேரே போயிருக்கிறான். எவரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று நிரூபிக்காவிட்டால் தோணி அழிக்கப்படுவான்.

அழிப்பு என்றால் ஒன்றரை வருஷமும் போச்சு. பெயர், படகு, அவன் துடுப்புப் போட்ட அத்தனை தடவையும்.

"குருவி உள்ள போனதப் பாத்தேன். அதான் போனேன்" என்றான் தோணி.

"அங்க குருவியே கிடையாது. இப்பத்தான் அந்த இடத்தோட வரியெல்லாம் திறந்து பார்த்தேன்" என்றான் ஸ்ரீவத்ஸன். அவன் பொய் சொல்லவில்லை. பார்கவிக்கு ஏ.சி. குளிரிலும் வேர்த்தது.

"மூக்குப்பொடி அண்ணாச்சி என்கூடவே இருந்தாவ. அவியளக் கேளுங்க. அவிய பொய் சொல்ல மாட்டாவ."

பார்கவி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு திரையை மாற்றினாள். அண்ணாச்சி மண்டபத்துக்கு வந்தார். பாதி உண்மையிலேயே காரியம் முடிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"நானும் பாத்தேன்வே. குருவி போச்சு" என்றார் அண்ணாச்சி.

"கூட்டாளிக்குக் கூட்டாளி சாட்சியா?" என்றான் ஸ்ரீவத்ஸன். "இல்லாத குருவியைப் பார்த்ததா சொன்னா அண்ணாச்சியும் அழிய வேண்டியதுதான்."

அவ்வளவுதான், பார்கவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திரையை மாற்றி ஸ்ரீவத்ஸனுக்குத் தனியாக ஒரு வார்த்தை எழுதப் பார்த்தாள், வேண்டாம் என்று அண்ணாச்சியின் திரைக்கே திரும்பப் பார்த்தாள். எந்த விசையைத் தட்டினோம் என்று கவனிக்கவில்லை. படபடவென்று அடித்தாள்.

முப்பது திரைகளிலும் வந்தது: 'மடைக்காரி பார்கவி: என் வாய்ல பொய் வருமாவே? இந்த மீசை மேல சத்தியம்!'

மண்டபத்தில் பேச்சு நின்றது. லேபிலும் விசைப்பலகைச் சத்தம் நின்றது. ஸ்ரீவத்ஸன் மெதுவாகத் திரும்பி, மீசையில்லாத பார்கவியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னான்.

"அண்ணாச்சி மாதிரி சும்மா கிண்டல் பண்ணினேன்னு போட்டுடு. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டா. விஷயத்தை இதோட முடிச்சுடலாம்."

"தோணி?"

"அவனை அழிச்சுத்தான் ஆகணும். நடத்தறவா பேரே கெட்டுப் போச்சுன்னா அப்புறம் விளையாட்டே நிக்காது."

பார்கவிக்குக் கோபம் வந்தது. அவன்மேல் பாதி, தன்மேல் மீதி. "ஆடறவன்னா அழிப்பு, நடத்தறவான்னா கிண்டலா? அப்போ மடை எந்தப் பக்கம் திறந்திருக்கு?" என்று வாய்விட்டே கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் மடைக்காரியின் திரையிலேயே, இம்முறை தெரிந்தே, அடித்தாள்.

மூக்குப்பொடி அண்ணாச்சி நான்தான். ஒன்றரை வருஷமாக நான்தான். குருவி வரி இருந்தது, எழுதியவள் நான். தோணி அதைப் பார்த்துச் சொந்த மூளையில் கண்டுபிடித்தான். அவனை மூன்று தடவை வேண்டுமென்றே திசை திருப்பினேன். பிறகு அந்த வரியையும் அழித்தேன். போன மாதம் எடுத்த நகல் ஃப்ளாப்பியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ரீவத்ஸன் பீரோவைத் திறந்து ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டான். குருவிகள் இருந்தன. ஒன்றும் திரும்பி வரவில்லை. அவன் காது சிவந்துவிட்டது. அவனும் மோசமான ஆள் இல்லை. மண்டபத்தில் எல்லார் முன்னும் தோணியிடம் மன்னிப்புக் கேட்டான், செப்பேடு தோணிக்கே என்று அறிவித்தான். பார்கவி இன்றிலிருந்து மடைக்காரி இல்லை என்பதையும் அதே மூச்சில் எழுதினான். அவள் தலையாட்டினாள். இந்தத் தடவை நிஜமாகவே.

"அண்ணாச்சியை என்ன செய்யறது?" என்று பலரும் கேட்டார்கள். "நஷ்டப்பட்டவன் சொல்லட்டும்" என்றான் ஸ்ரீவத்ஸன்.

எல்லாரும் தோணியைப் பார்த்தார்கள். அடுத்த நொடி, 'தோணி வெளியேறினான்' என்று திரையில் விழுந்தது.

மடைக்காரி வேலை போனதில் பார்கவிக்குப் பெரிய துக்கமில்லை. இத்தனை நாள் மனசு திறந்து பேசினவன் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டானே என்பதுதான். அண்ணாச்சி இல்லாமல் நாளைக்கு நாலு மணிக்கு என்ன செய்யப் போகிறோம் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

மாடிப்படியில் யாரோ திமுதிமுவென்று ஏறி வரும் சத்தம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெலிந்த பையன் மூச்சிரைக்க நின்றான். இந்த லேபுக்கு அவன் வந்ததே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இங்கன அண்ணாச்சி யாரு?"

இருபது விரல்கள் பார்கவியைக் காட்டின. அவள் எழுந்து நின்றாள். இரட்டைப் பின்னலும் பாவாடை தாவணியுமாக நின்ற அண்ணாச்சியைப் பெருமாள்ராஜ் ஏற இறங்கப் பார்த்தான். சிரிக்கவா முறைக்கவா என்று அவனுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

"மூணு தடவ வேணும்னே சுத்த விட்டியளே, அண்ணாச்சி. ஒவ்வொரு தடவைக்கும் போக நூத்தம்பது, வர நூத்தம்பது. கை எவ்வளவு கடுத்துச்சு தெரியுமா?"

"தப்புதான்" என்றாள் பார்கவி. "என்ன தண்டனைன்னாலும் சொல்லு."

"மூணு தடவ பாபநாசம் போய்ட்டு வரணும். நீங்கதான் துடுப்பு போடணும். நான் சும்மா உக்காந்துதான் வருவேன்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அண்ணாச்சியை அவன் அழிக்கச் சொல்லவில்லை என்று புரிந்ததும், இத்தனை நாள் விரலால் மட்டும் பேசிய குரல் முதல்முறையாக வாய்வழியே வெளியே வந்தது.

"எனக்குத் துடுப்பு போடத் தெரியாதேவே!"

லேபே கொல்லென்று சிரித்தது. "பைய கத்துக்கிடலாம், அண்ணாச்சி" என்றான் பெருமாள்ராஜ். பார்கவியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடி முழுக்கக் கேட்கும்படி. மெதுவா என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.