ஆண்கள் பக்கத்துப் பாதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னிடம் ஒரு புகாராகத்தான் வந்தது. ஆம்பூர் பிரியாணிக் கடையில் எதிரே உட்கார்ந்த சர்ச் சபைச் செயலாளர் சுந்தர்ராஜ்*, எப்சி என்றொருத்தி ஆராதனையையே கெடுக்கிறாள் என்று பொரிந்து தள்ளினார். அவர் பக்கத்து நியாயத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: கொரோனாவில் பூட்டிய கோயில் திறந்த ஞாயிறு, மணியோசை ஆம்பூர் முழுக்க...

(வேண்டாம். மணியோசையில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: எப்சி ஷூ கம்பெனியில் தோல் தைப்பவள். அவர்கள் கோயிலில் பைபிளின் சங்கீதத்தை மாறி மாறிப் பாடுவார்கள். வசனத்தின் முதல் பாதி ஆண்கள் பக்கம், மறுபாதி பெண்கள் பக்கம். கோயில் பூட்டிக் கிடந்தபோதும் அவளும் கணவன் ஜெயசீலனும் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து அப்படியே பாடினார்கள். இரண்டாம் அலையில் அவன் போய்விட்டான். பாட்டில்லாமல் புதைத்தார்கள். அதன்பின் இரண்டு பாதியையும் அவளே பாடினாள்.

3

கோயில் திறந்தது. ஆண்கள் பக்கம் தொடங்கியதும் எப்சியும் தொடங்கிவிட்டாள். பழக்கதோஷம். முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒற்றைப் பெண்குரல். மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. (இங்கே அவளை அழவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.) வாயை மூடினால் ஜெயசீலன் இன்னொரு முறை பாட்டில்லாமல் போவான் என்று பட்டது. இன்னும் உரக்கப் பாடினாள்.

வாசலில் சுந்தர்ராஜ் பிடித்துக்கொண்டார். தவறிப்போய்ப் பாடிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், போதும் என்றார்.

"மொத வரி தவறித்தாண்ணே வந்துச்சு. மீதிய வேணும்னுதான் பாடினேன்."

"அது ஆம்பளைங்க பாடறதும்மா. அங்க உனக்கு இன்னா வேலை?"

"அது அவரோட பங்கு. அவரைப் பொதைக்கும்போது நீங்க யாரும் பாடல. இப்ப நான் பாடறேன், கேட்டுனு இருங்க."

கமிட்டி கூடியது. அடுத்த ஞாயிறும் அவள் தன் பாதியோடு நிறுத்தாவிட்டால், ஆராதனை நடுவிலேயே வெளியே அனுப்பிவிடுவது என்று முடிவானது.

* சுந்தர்ராஜ் கெட்டவர் இல்லை. ஊரடங்கில் வீடு வீடாக அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவர். ஒழுங்கு குலைந்தால் சபையே குலைந்துவிடும் என்று நிஜமாகவே பயப்படுகிறார். அவரை வில்லனாக்க முடியாமல்தான் இத்தனை அடித்தல் திருத்தல்.

4

இனி முடிவு. சபை முழுவதும் அவளோடு சேர்ந்து பாடுகிறது, சுந்தர்ராஜ் கண் கலங்குகிறார் என்று எழுதிப் பார்த்தேன். பொய். அந்த மனிதருக்குப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயின் காரத்துக்கு மட்டும்தான் கண் கலங்கும். அவள் வேறு கோயிலுக்குப் போய்விடுகிறாள் என்று இன்னொன்று ஆரம்பித்தேன். எப்சி மூட்டை கட்டிக்கொண்டு...

மாட்டாள். நானும் எழுத மாட்டேன். அவளை வெளியே அனுப்பும் வரியை என் கையிலிருந்து யாரும் வாங்க முடியாது.

இதோ அந்த ஞாயிறு. எப்சி நடுவரிசையில் நிற்கிறாள். முகக்கவசத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டாள். சுந்தர்ராஜ் கதவருகே நிற்கிறார். போதகர் ஐயர் சங்கீதத்தின் எண்ணைச் சொல்லிவிட்டார். ஆண்கள் பக்கம் மூச்சிழுக்கிறது. அவளும் இழுக்கிறாள்.

முதல் பாதியை நான் சொல்லிவிட்டேன். அந்தக் கோயில் வழக்கப்படி மறுபாதி எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுடையது. இந்தத் தாளுக்கு எதிர்ப்பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள். வாயைத் திறங்கள்.