சம்பந்திகளின் ரகசியப் பரிசோதனை

கிரேன் ஓட்டுநர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. வேலையோடு கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் முடிந்துவிடும். அதற்குள் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், செலவு கம்பெனியுடையது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மனைவி பயந்துவிடுவாளே என்று, நண்பரைப் பார்க்கப் போவதாகப் புளுகிவிட்டு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

முதுகில் நாடா கட்டும் பச்சை அங்கியின் பின்பக்கத்தை இழுத்துப் பிடித்தபடி பெஞ்சுக்கு வந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே கோலத்தில் அங்கே உட்கார்ந்திருந்தார் சம்பந்தி, மகளின் மாமனார். மரக்கடைக்காரர். "மாத்திரைன்னா என்னன்னே தெரியாது எனக்கு" என்று கல்யாணத்தன்று தொடங்கிய பீற்றலை இன்னும் நிறுத்தாதவர். அதனாலேயே ஓட்டுநர் அவரிடம் அதிகம் வாய்கொடுப்பதில்லை.

"நீங்க எங்க இங்க?"

"மெதுவாப் பேசுங்க சம்பந்தி! இன்சூரன்ஸ் எடுக்கப் போனேன். இந்த வயசுக்கு டெஸ்ட் எடுத்தாத்தான் தருவாங்களாம். வீட்டுல மரம் வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

ஓட்டுநருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊசியைக் கண்டதும் மரக்கடைக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டு இவர் கையைப் பிடித்த பிடியில் அந்தச் சிரிப்பும் நின்றது. பாவம், மனுஷனுக்கு ஊசியென்றால் அவ்வளவு பயம். ஓட்டுநர் கையை விலக்கவில்லை.

மதியம் டாக்டர் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்தார். ஓட்டுநருக்கு ரத்த அழுத்தம் சற்று அதிகம். சின்ன மாத்திரை போதும். மரக்கடைக்காரருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. வாயைக் கட்டி, தினமும் நடந்தால் இறங்கிவிடும். "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா கதையே வேற."

நிம்மதியாக வெளியே வந்தவர்கள் நடைவழியில் அப்படியே நின்றார்கள். எதிரே மகளும் மாப்பிள்ளையும்!

"அப்பா! மாமா! நீங்க எப்படி இங்க?"

"நீங்க எப்படி இங்க?"

மாப்பிள்ளை அசடு வழிந்தார். மகள் கையிலிருந்த ஸ்கேன் படத்தை நீட்டினாள். "உறுதியானப்புறம் சொல்லலாம்னு இருந்தோம். ரெண்டு பேரும் தாத்தா ஆகப்போறீங்க."

மரக்கடைக்காரர் ஓட்டுநரை அள்ளிக் கட்டிக்கொண்டார். "பேரப்பிள்ளை பின்னாடி நான்தான் ஓடுவேன்!"

"முதல்ல நாளைக் காலையில என்கூட நடங்க, பார்ப்போம்."

ஓட்டுநர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். "நான் ஆஸ்பத்திரியிலருந்து பேசறேன்..." மறுமுனையில் எழுந்த அலறல் நடைவழி முழுக்கக் கேட்டது. மரக்கடைக்காரர் போனைப் பிடுங்கினார்.

"பதறாதீங்கம்மா! உங்களைப் பாட்டியாக்கிட்டாங்க!"