வரேன் சாமி

என் தம்பி அங்கப்பனுக்கு ஐம்பத்தைந்து வயது. எங்கள் ஊர் வெள்ளக்கடையில் எல்லோருக்கும் அவன் இன்னமும் ‘கண்ணு’தான். தலை நரைத்த ஆளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, “உனக்குத்தான் புண்ணியம் சின்னத்தாயி” என்று என்னிடம் சொல்வார்கள். ஒரு நாள் வந்து அவனைக் குளிப்பாட்டச் சொன்னால் ஒருத்தருக்கும் அந்தப் புண்ணியம் வேண்டியிருக்காது.

பிறவியிலேயே அவனுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. அதோடு எப்படியோ காலத்தை ஓட்டினோம். இப்போது முதுமையும் சேர்ந்துகொண்டது. தானே சட்டை போட்டவன், இன்று பொத்தானைப் பார்த்து அழுகிறான். கட்டிலிலிருந்து நான்தான் தூக்கிவிட வேண்டும். எனக்கோ நெஞ்சுவலி. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிம்மதியாகச் சாவதற்குக்கூட எனக்கு லீவு கிடையாது.

அதனால்தான் ஏற்காட்டில் ஒரு ஹோமில் அவனைச் சேர்க்கக் கூட்டிப்போனேன். இடம் சுத்தமாக இருந்தது. வார்டன் தெரசம்மாளும் தங்கமான மனுஷி.

“ஏனுங்கக்கா, வரேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க. ரெண்டு நாள்ல பழகிருவாருங்க” என்றாள்.

“அதத்தானுங்க சொல்லக் கூடாது.”

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எங்கள் ஆத்தா அவனிடம், “வரேன் சாமி” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தது அவள் உடம்பு. அதை ஆத்தா என்று அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. பொழுது சாய்ந்தால் இன்றைக்கும் வாசலில் போய் நிற்கிறான். மாதம் ஒரு முறை நான் ஹோமுக்கு வரலாம்தான். ஆனால் அவனுக்கு வரேன் என்றால் இன்றைக்கே வர வேண்டும்.

பொய் சொல்ல மனம் வராமல், எங்கள் வீட்டில் யாரும் வாசலில் சொல்லாத சொல்லைச் சொன்னேன்.

“அக்கா போறேன், கண்ணு.”

சட்டென்று என் வாயைப் பொத்தினான். “போறேன்னு சொல்லப்படாது! ஆத்தா திட்டும். வரேன்னு சொல்லு.”

சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

“வரேன் சாமி” என்றேன்.

உடனே விட்டுவிட்டான். சிரித்துக்கொண்டே கேட் வரை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். தூறல் போட ஆரம்பித்தது. தெரசம்மாள் குடையோடு வந்து உள்ளே கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. அவன் கண் என் மேல் இல்லை, ரோட்டின் மேல் இருந்தது. இனி ஒவ்வொரு சாயங்காலமும் இப்படித்தான் நிற்பான்.

கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது. எல்லாம் பழையபடிதான், இனி எனக்கு விடுதலை இல்லை என்று அழுதுகொண்டே கேட்டைத் தள்ளினேன்.

“அக்கா வந்துருச்சு! வரேன்னு சொன்னா வந்துருவாங்க!” என்று தெரசம்மாளிடம் கத்தினான்.

பிறகு எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தான்.

“ஆத்தா பின்னால வருதாக்கா?”

என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். நானும் நின்றேன்.