ஆமைக்குள் அண்ணி

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்று ஒரு வாரமாகிவிட்டது. நகைக்காகவா, நிலத்துக்காகவா என்று கேட்டால் அதெல்லாம் இல்லை. ஓர் ஆமையின் கண்ணுக்காக.

ஆமை என்றால் கைக்குள் அடங்குகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நிமிர்த்தி வைத்தால் கொட்டகைக் கூரையை முட்டுகிற கடலாமை. கரையில் ஒதுங்கிய கிழிந்த வலைகள், கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்துத் தெருவில் வீசுகிற பிளாஸ்டிக் பட்டைகள், இவற்றைப் பொறுக்கி வந்து கழுவிக் காயவைத்து இரண்டு பேரும் ஆறு மாதமாகப் பின்னியது. அதுவரை மீன், கொக்கு, தூக்கணாங்குருவிக் கூடு என்று பின்னி அண்ணியின் புருஷனுடைய நாற்காலிக் கடையில் தொங்கவிட்டார்கள். வருகிறவர்கள் கொக்கைத் தலைகீழாகப் பிடித்து, "இதுல வெங்காயம் போட்டு வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இப்போதுதான் முதல் தடவையாகக் கடல் பாதுகாப்புக் கண்காட்சியில் கூடத்தின் நடுவிலேயே இடம் கொடுத்து, இரண்டு பேர் பெயரையும் அச்சடித்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம் திறப்பு விழா.

"ஆமை சாகிற மாதிரி இருக்கணும். கண்ணை மூடிடுவோம். அப்பத்தான் பாக்கிறவங்களுக்கு உறைக்கும்" என்றாள் நாத்தனார்.

"செத்ததைப் பாத்து ஐயோ பாவம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. உயிரோட முறைச்சாத்தான் குப்பை போட்ட கை கூசும். கண்ணைத் திற" என்றாள் அண்ணி.

வார்த்தை தடித்தது. நாத்தனார் வெளியிலிருந்து பட்டை பின்னி இரண்டு கண்ணையும் மூடிவிட்டாள். அண்ணி விடுவாளா? உள்ளேயிருந்து விரலை விட்டு ஒன்றைத் திறந்துவிட்டாள். இப்படி ஏட்டிக்குப் போட்டியாகச் செய்ததில் ஆமை கண்ணடிக்க ஆரம்பித்துவிட்டது. "இது யாரைப் பாத்துக் கண்ணடிக்குது?" என்று கேட்டான் புருஷன்.

பேச்சில்லாவிட்டாலும் வேலை நிற்கவில்லை. பட்டைப் பின்னல் இரட்டை ஆள் வேலை. வெளியே இருப்பவள் பட்டையை உள்ளே நுழைக்க வேண்டும், உள்ளே இருப்பவள் அதை இழுத்து இறுக்கி அடுத்த சந்தில் வெளியே தள்ள வேண்டும். வெட்டுவதும் நுனிக்குச் சூடு வைத்து ஒட்டுவதும் வெளி ஆளின் பொறுப்பு என்பதால் கத்தரியும் வெளியேதான் இருக்கும். மீனுக்கும் கொக்குக்கும் உள்ளே ஒரு கை போனால் போதும். ஆமைக்கு முழு அண்ணியே ஒரு ஸ்டூலோடு உள்ளே போய் உட்கார வேண்டியிருந்தது.

இன்று காலை கடைசியாக அடிவயிறு பாக்கி. பட்டை உள்ளே வந்தது, அண்ணி இழுத்தாள், தள்ளினாள். மறுபடி வந்தது, இழுத்தாள், தள்ளினாள். கை அந்த ஓட்டத்தில் விழுந்துவிட்டால் மூளைக்கு வேலையே கிடையாது. தான் வெளியே வர வால் பக்கம் அவள் வழி விட்டிருப்பாள் என்று அண்ணி நினைத்தாள். போதும் என்றால் அண்ணி சொல்லுவாளே என்று நாத்தனார் நினைத்தாள். வாய் திறந்து கேட்கத்தான் இரண்டு பேருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கடைசி நுனிக்குச் சூடு வைக்கிற வாடை வந்தபோது அண்ணி வாலைப் பார்த்தாள். வால் வெகு கச்சிதமாக மூடியிருந்தது.

அடக் கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. முதலில் கூப்பிடுகிறவள் தோற்றவள் ஆயிற்றே.

லாரி வந்தது. புருஷன் கொட்டகைக்குள் வந்து, "எங்க உன் அண்ணி?" என்று தங்கையிடம் கேட்டான்.

"இங்கதான் இருக்கேன்" என்றது ஆமை.

புருஷன் இரண்டடி பின்னால் குதித்தான். நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாரி டிரைவர்தான் நிதானமாக ஆமையைச் சுற்றி வந்து, "ஆமைன்னுதானே சொன்னீங்க, ஆள் இருக்குன்னு சொல்லலையே" என்றார்.

புருஷன் கத்தரியை எடுத்தான்.

"ஏங்க, கத்தரி பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "அடிவயித்துல ஒண்ணை வெட்டினா பத்து தளரும். மறுபடி பின்ன இன்னைக்கு நேரம் ஏது? இப்படியே ஏத்துங்க. விழா முடிஞ்சதும் வெட்டிக்கலாம். உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

தங்கச்சி ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "உன் அண்ணி சொல்றா..." என்று புருஷன் ஆரம்பித்தான்.

"காதுல விழுந்துச்சு" என்றாள் நாத்தனார். "தண்ணி வேணுமான்னு கேளு."

"தண்ணி வேணுமாம்மா?"

"வேணாம்னு சொல்லுங்க. குடிச்சா அப்புறம் வேற வம்பு."

கண்காட்சி அதிகாரிக்குப் போன் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் மனுஷன் துள்ளிக் குதித்துவிட்டார். "உள்ளே ஆளா? பிரமாதம்! ஆறு மணி வரைக்கும் அசையாம இருப்பாங்களா? நடுவுல தும்மல் கிம்மல் வராதே?"

நாலு பேர் தூக்கி லாரியில் படுக்கவைத்தார்கள். அண்ணி ஒரு பக்கமும் ஸ்டூல் ஒரு பக்கமுமாக உருண்டார்கள். புருஷன் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நாத்தனார், விழா முடிந்ததும் வெட்ட வேண்டிய கத்தரியோடு, ஆமை புரளாமல் பிடித்துக்கொள்ளப் பின்னால் உட்கார்ந்தாள். மேலே தார்ப்பாய் விழுந்தது, லாரி நகர்ந்தது.

அதுவரை அண்ணிக்குச் சிரிப்புதான். தார்ப்பாய் விழுந்ததும் ஒரே இருட்டு. காய்ந்த வலையின் மீன் நாற்றமும் பிளாஸ்டிக் சூடும் மூக்கில் ஏறின. காலை நீட்டப் பார்த்தாள், முடியவில்லை. வலையில் மாட்டுகிற ஆமையைப் பற்றி ஆறு மாதமாகக் கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் நீட்டி முழக்கியவள் அவள்தான். அந்த நிமிஷம் ஆமையாவது ஒன்றாவது, எதுவும் ஞாபகம் வரவில்லை. பயம், வெறும் பயம். ஆறு மணி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அடுத்த தெரு வரைக்கும்கூட முடியாது என்று தெரிந்துபோயிற்று.

"ஏய்... மூச்சு முட்டுதுடி."

ஒரு வாரத்துக்கு அப்புறம் நாத்தனாரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

தார்ப்பாய் பறந்தது. வெளிச்சத்தோடு கத்தரியும் உள்ளே வந்தது.

"வெட்டாதடி! தார்ப்பாயை எடுத்தாப் போதும், பாழாப் போயிடும், வெட்டாத!"

"பேசாம இரு அண்ணி!"

கறுக் கறுக்கென்று கத்தரி ஓடியது. ஒன்று வெட்டிப் பார்த்து, இரண்டு வெட்டிப் பார்த்து என்கிற கணக்கெல்லாம் இல்லை. ஆறு மாத வேலை என்றும் பார்க்காமல் நாத்தனார் வயிற்றைக் குறுக்கே கிழித்தாள். அண்ணியின் தோளைப் பிடித்து இழுத்தாள். முதலில் அண்ணியும் பின்னாலேயே ஸ்டூலும் வெளியே வந்து விழுந்தார்கள். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

மூச்சு சீரானதும் அண்ணி செய்த முதல் காரியம் திட்டியதுதான். "ஏண்டி இப்படிப் பண்ணின? நடுக் கூடம்டி! நம்ம பேரை அச்சடிச்சிருக்காங்கடி!"

"அச்சடிச்சா அடிச்சிட்டுப் போறாங்க!" நாத்தனாரின் குரல் உடைந்தது. "உள்ள சத்தமே இல்லாமப் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? ஆமையை நாளைக்குக்கூடப் பின்னிக்கலாம். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு அண்ணி."

அண்ணி மடியில் ஒட்டியிருந்த பட்டைத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள்.

புருஷன் இறங்கி வந்து கிழிந்த வயிற்றைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டே அதிகாரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"கிழிஞ்சு போச்சா? கவலையே வேணாம், அப்படியே கொண்டு வாங்க!" போனுக்குள்ளிருந்து கத்தினார் அதிகாரி. "கீழே அட்டையில எழுதிடலாம். வலையைக் கிழித்து விடுதலை பெறும் கடலின் குழந்தை. எப்படி?"

நாத்தனார் போனைப் பிடுங்கினாள். "கடலுமில்ல, குழந்தையுமில்ல சார். எங்க அண்ணி வெளிய வந்த வழின்னு எழுதுங்க. ஒரு வார்த்தை மாத்தினீங்கன்னாலும் ஆமையைத் திருப்பி எடுத்துட்டு வந்துடுவேன்."

லாரி மறுபடி கிளம்பியது. அண்ணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேட்டால் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் கேட்க வேண்டியவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள்.