கப்பித்தான் கொடுத்த பேர்

தூத்துக்குடியில் கிளாட்வின் கல்தேராவைப் பார்க்கப் போகிறவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அவருடைய வம்ச வரலாற்றில் பாதியைக் கேட்டிருப்பார்கள். மீதிப் பாதிக்குக் காப்பி உண்டு.

வரலாறு இதுதான். ஆயிரத்து ஐந்நூற்று முப்பதுகளில் இந்தக் கடற்கரைச் சனம் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது, போர்ச்சுகலிலிருந்து கப்பல் தலைவராக வந்த கப்பித்தான் கல்தேரா என்ற மாவீரர் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். முத்துக் குளிக்கிறவர்களில் ஒருவனுடைய முகலட்சணம் அவருக்குப் பிடித்துப்போனது. அவனுக்கு ஞானத்தகப்பனாக நின்று, தன் பேரையே கொடுத்தார். அந்த முகலட்சணம் வழிவழியாக இறங்கி இப்போது கிளாட்வினிடம் வந்து நிற்கிறது. சாட்சிக்கு முன்னறைச் சுவரில் ஒரு கேடயம். முத்தையாபுரத்தில் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற பட்டறையில் சொல்லிச் செய்தது. அதில் ஒரு கப்பல், ஒரு சிங்கம். பட்டறைக்காரர் சிங்கத்தை நேரில் பார்த்ததில்லை, நாயைப் பார்த்திருந்தார்.

கிளாட்வின் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்ந்தவர். எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்துத்தான் நம்புவார். கப்பித்தானை மட்டும் அவர் திறந்து பார்த்ததேயில்லை.

கொஞ்ச காலமாக வரலாறு முடிகிற இடத்தில் அவர் குரல் கம்மத் தொடங்கியிருந்தது. கூடப் பிறந்த ஆண் யாரும் கிடையாது. ஒரே மகள் அனிஷா ஒரு பர்னாந்து வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு கனடா போய்விட்டாள். பர்னாந்து என்று கூப்பிட்டால் தூத்துக்குடித் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கல்தேரா என்றால் இவர் ஒருவர்தான். "ஐந்நூறு வருசத்துப் பேரு, என்னோட முடியுது" என்று சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். எதையும் கேலி பேசும் மனைவி பிளாரன்ஸ் அதை மட்டும் தொடமாட்டாள்.

அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவன் பெனிஸ்டன், கன்டெய்னர் லாரி டிரைவர். பச்சைக் குழந்தையாக ஒரு அனாதை இல்லத்து வாசலில் கிடந்தவன். கன்னியாஸ்திரீகள் வைத்த பேருக்கு முன்னும் பின்னும் அவனுக்கு ஒன்றும் கிடையாது. அவனைக் கட்டிக்கொண்டதற்காக ஜெனிலாவைக் கீழவைப்பாரில் அவள் வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள். ஆக, பையன் பிறந்தபோது ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோராக நின்று தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஆளில்லை. "நாங்க நிக்கோம்" என்று பிளாரன்ஸ் புருசனுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டாள். கிளாட்வினுக்கும் சந்தோஷந்தான். பழைய கோட்டு சலவைக்குப் போய் வந்தது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெனிஸ்டன் கீழே இறங்கி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். இங்கன யாரைப் பாத்தாலும் எந்த வீடு, என்ன வீட்டுப் பேருன்னுதான் மொதல்ல கேக்காவ. நான் எப்படியோ வளந்துட்டேன். பையன் முழிக்கக் கூடாது பாருங்க. அமலன்னு பேரு வைக்கோம். பின்னால ஒங்க வீட்டுப் பேரைச் சேத்துக்கிடலாமா?"

கிளாட்வின் காப்பியைக் கீழே வைத்தார்.

"லே, அது என்ன லாரி நம்பர் பிளேட்டா, கழத்தி மாட்டுததுக்கு? ஐந்நூறு வருசத்துப் பேருலே! ரத்தத்துல வரணும்."

"சரி அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதிய. நாளைக்குப் பையனை நீங்கதான் ஏந்தணும்."

அவ்வளவுதான். அவன் கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. படியேறிப் போய்விட்டான். கிளாட்வினுக்கு அதுவே உறுத்தியது.

குசினியிலிருந்து பிளாரன்ஸ் சீலா மீன் வெட்டிய கத்தியோடு வெளியே வந்தாள்.

"ஒங்க ஒடம்புல ஓடுதது கப்பித்தான் ரத்தமா?"

"பேருல வருதுல்லா?"

"அதத்தான் கேக்கேன். அவரு நமக்குச் சொந்தமா பந்தமா? பக்கத்துல நின்னாரு, பேரைக் கொடுத்தாரு. மாடியில இருக்கவனும் அதத்தான கேட்டான்?"

"ஏளா, அவரு கப்பித்தான்!"

"நீங்க பாத்தியளா? அன்னைக்கு ஆயிரம் ஆயிரமா சனம் நிக்கி. அத்தனை பேருக்கும் கப்பித்தானா வந்து நிப்பாரு? கப்பல்ல எவன் வேலையில்லாம நின்னானோ அவனையெல்லாம் இழுத்து நிறுத்திருப்பாவ. பாய் தைக்கவன், கஞ்சி காய்ச்சுதவன்..."

"கஞ்சி காய்ச்சுதவனா!"

கிளாட்வின் ஆதரவு தேடிச் சிங்கத்தைப் பார்த்தார். அன்றைக்கு அது வழக்கத்தைவிட நாயாக இருந்தது.

"இருந்தா என்ன கொறஞ்சுபோச்சு? பாஷை தெரியாத ஒருத்தனுக்குத் தன் பேரைக் கொடுத்துட்டுக் கப்பலேறிப் போயிட்டான். நல்ல மனுசன். ஆனா அதுக்கப்புறம் பேரைக் காப்பாத்துனது யாரு? டச்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். கடல்ல சிப்பியே இல்லாம கெடந்த காலம் எத்தனை! மூச்சை அடக்கிட்டு உள்ள போனது நம்ம ஆளுவ. இந்தப் பேரு அவங்க சம்பாத்தியம். அதுல கப்பித்தானுக்குப் பங்கே கிடையாது."

பிளாரன்ஸ் கத்தியைத் துடைத்தாள். பிறகு குரலை இறக்கி, அசல் அம்பை விட்டாள்.

"இன்னும் நானூறு வருசம் கழிச்சு அமலனோட வம்சத்துல வந்த ஒருத்தன், வாரவன் போறவன்கிட்டயெல்லாம் கதை சொல்லுவான். 'கிளாட்வின் கல்தேரான்னு ஒரு மாவீரரு. எங்க பாட்டனைப் பாத்ததும் அவருக்குப் பிடிச்சுப்போச்சு'ன்னு. கஸ்டம்ஸ் ஏஜெண்டுன்னா சொல்லுவான்? கப்பித்தான்னுதான் சொல்லுவான்."

கிளாட்வின் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். மாவீரராகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. இடுப்பில் வாள் வேறு வந்து சேர்ந்தது. லுங்கியின் மேல் வாள் எப்படி நிற்கும் என்று யோசித்தபோதுதான் பக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய கப்பித்தானும் இப்படித்தானே, யாரோ கட்டிவிட்ட வாளோடு இத்தனை வருசம் நின்றிருப்பான்? கரண்டி பிடித்த கையாகவே இருக்கட்டும். முன்பின் தெரியாத ஒருவனைத் தாங்கிய கை. அந்த மனிதனை முதல் தடவையாக அவருக்குப் பிடித்துப்போனது.

மறுநாள் மாதா கோயிலில் பையன் கிளாட்வின் கையில் இருந்தான். குழந்தைக்கு என்ன பெயர் என்று குருவானவர் கேட்டார்.

"அமலன்" என்று மட்டும் சொன்னான் பெனிஸ்டன்.

"கல்தேரா. அமலன் கல்தேரா" என்றார் கிளாட்வின்.

ஜெனிலா விசுக்கென்று திரும்பினாள். பெனிஸ்டன் தரையைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"ஒங்க சொந்தமா?" என்று குருவானவர் ஆச்சரியமாகக் கேட்டார்.

ஐந்நூறு வருட வரலாறும் கிளாட்வின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிளாரன்ஸ் அதற்குள் அவர் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"இன்னையிலிருந்து, சாமி" என்றார் கிளாட்வின்.

தலையில் தண்ணீர் விழுந்ததும் பையன் வீறிட்ட வீறலில் பின் வரிசையில் கண்ணயர்ந்திருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். கிளாட்வின் பூரித்துப்போய்ப் பெனிஸ்டன் பக்கம் சாய்ந்தார்.

"கேட்டியாலே குரலை? எங்க குடும்பத்துக் குரலு. அப்படியே இருக்கு பாரு!"

"ஆமா அண்ணாச்சி" என்றான் பெனிஸ்டன்.